இருபது நிமிடம் குறைவில்லை

அன்பு மகளுக்கு,

உன் ஓரங்க நாடகத்துக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள், அதுவும் சிரிப்பு நிகழ்ச்சிக்கும் நடனத்துக்கும் நடுவில் என்று தொலைபேசியில் நீ அழுததிலிருந்து எனக்கு மனம் கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் நியூயார்க்கிலேயே, 47-ஆம் தெருவில் பேலஸ் தியேட்டர் இருக்கிறது. 1913-இல் திறந்தது. வாட்வில் என்ற பல்சுவை மேடைக் கலைஞர்களுக்கு அந்தக் காலத்தில் அது கோயில். கரணம் போடுபவர்கள், பாட்டு, பழக்கிய நாய்கள் என்று போகும் நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு குறுநாடகமும் இருக்கும். தாமதமாக வருகிறவர்கள் இருக்கை தேடும் சத்தத்தில் வசனம் எடுபடாது என்பதால், முதலில் பேச்சில்லாத வித்தைக்காரர்களை விடுவார்கள். பிறகு ஒருவர் முன்திரைக்கு வெளியே நின்று சிரிக்க வைப்பார். அதற்குள் பின்னால் சத்தமில்லாமல் நாடகத்துக்கான வீடு எழும்பிவிடும். உனக்கு முன்னால் சிரிக்க வைப்பவர் உன் போட்டியாளர் அல்ல, அம்மா. உனக்காகக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பவர்.

திறந்த ஆண்டிலேயே பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னார் அங்கே நடித்தார். அறுபத்தெட்டு வயது. தன் பெரிய நாடகங்களிலிருந்து ஒற்றை அங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சிலேயே நடித்தார்.

எனக்கு அவரைவிட நடிகை அல்லா நாசிமோவாதான் பெரியவர். 1905-இல் ரஷ்யாவிலிருந்து வந்தார். மறு ஆண்டே ஆங்கிலத்தில், நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாயகியாக நின்றார். 1915-இல், ஐரோப்பாவில் போர் எரிந்துகொண்டிருந்தபோது, 'வார் பிரைட்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தை இந்த மேடைக்குக் கொண்டுவந்தார். அடுத்த போருக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று, களத்துக்குப் போகும் வீரர்களை மணக்கச் சொல்லிப் பெண்களை நெருக்குகிறார்கள். கணவனைப் போரில் இழந்த கர்ப்பிணி ஒருத்தி அதை எதிர்க்கிறாள்; கடைசியில் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறாள். சிரிக்க வந்தவர்கள் முன்னால் இதை நடித்திருக்கிறார்! மறு ஆண்டே அது திரைப்படமாகி, அதிலும் அவரே நடித்தார். அவருக்கும் அங்கே மாலைப்பொழுது முழுவதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

நீ அனுப்பிய பிரதியில் முதல் மூன்று பக்கங்களைப் பென்சிலால் அடித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அண்ணன் கதவைத் தட்டுகிற இடத்திலிருந்து தொடங்கிப் பார். அதற்கு முன் நடந்ததெல்லாம் அவன் பெட்டியைக் கீழே வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

பேலஸின் உள்ளரங்கை அண்மையில் அப்படியே 30 அடி உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா