ரிசர்வ் வங்கி வாசலில் ஒரு யக்ஷி

புது தில்லி

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம்; கமலாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புகளுக்கிடையே சில இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. அவற்றை மாற்றுவதற்காக சன்சத் மார்க்கிலுள்ள ரிசர்வ் வங்கிக்குச் சென்றேன். அங்கே வாசலின் இருபுறமும் நிற்கும் யக்ஷனையும் யக்ஷியையும் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரசுக் கட்டடங்களில் இந்தியக் கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற வேண்டும் என்று நேரு விரும்பியதன் விளைவு அவை. யக்ஷர்கள் குபேரனின் பரிவாரம், நிதியைக் காப்பவர்கள் என்பதால் நாட்டின் கருவூலத்துக்கு இவர்களைவிடப் பொருத்தமான துவாரபாலகர்கள் கிடைக்கமாட்டார்கள். யக்ஷன் தொழில்வளத்தையும் யக்ஷி வேளாண்வளத்தையும் குறிக்கிறார்கள். யக்ஷனுக்கு மதுரா அருங்காட்சியகத்திலுள்ள பழங்காலப் பார்க்கம் யக்ஷனையும், யக்ஷிக்குக் கொல்கத்தா அருங்காட்சியகத்திலுள்ள பேஸ்நகர் யக்ஷியையும் முன்மாதிரியாகக் கொண்டு இவற்றைச் செய்தவர் தாகூரின் சாந்திநிகேதனைச் சேர்ந்த சிற்பி ராம்கிங்கர் பைஜ். 1938-இல் சிமெண்டையும் செம்புறைக் கற்களையும் கொண்டு திறந்தவெளியில் ‘சந்தால் குடும்பம்’ என்ற பழங்குடிக் குடும்பச் சிற்பத்தை உருவாக்கிய அதே மனிதர்தான், காங்டா பள்ளத்தாக்கின் மணற்கல்லோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1967-இல் இவற்றை முடித்தார். அதற்குள் எத்தனை இடர்கள்! யக்ஷிக்கு ஆடையில்லை என்று மாநிலங்களவை வரை பேச்சு எழுந்தது.

அருகில் நின்று அண்ணாந்து பார்த்தால், அகன்ற இடுப்புக்கும் கனத்த மார்புக்கும் மேலே யக்ஷியின் முகம் சிறுத்துத் தெரிகிறது. நளினம் காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், பாதங்களை ஊன்றி, தன் எடை முழுவதையும் தானே தாங்கி நிற்கிறாள். தோளில் புறா எச்சம் வழிந்த வெள்ளைக் கோடு. சிற்பக்கலை சோழரோடு முடிந்துவிட்டது என்று நீ மொட்டை மாடியில் வாதாடியபோது நாராயணன் அதை மறுத்துச் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. அவன் பக்கமே நியாயம் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

என்னை வருத்துவது வேறொன்று. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞரிடம் கேட்டதற்கு, எங்கோ தோண்டி எடுத்துக் கொண்டுவந்து வைத்த பழைய சிலைகள் என்றார். நம் காலத்தில் வாழ்ந்து 1980-இல் மறைந்த ஒரு சிற்பியின் பெயர் இந்தத் தெருவில் நடப்பவர்களுக்கே தெரியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை, சீனு. அவருக்கு விளக்கிச் சொன்னேன், அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

தை பிறந்ததும் நீ வரும்போது முதலில் மதுராவுக்குப் போய்ப் பழைய யக்ஷனைப் பார்ப்போம். மறுநாளே சன்சத் மார்க். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு உன் தீர்ப்பைச் சொல். பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிடு, பொங்கல் நேரத்தில் இடம் கிடைக்காது.

அன்புடன்,
ராகவன்