தைப் பொங்கல் கண்காட்சி: வர்றவங்க கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கமுங்க. மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு, கோவை ஓவியக் கூடத்தில் கண்காட்சியோடு இயற்கை வண்ணப் பயிற்சியும் உண்டு. 8 வயசுக்கு மேல் எல்லாரும் வரலாம்.

வண்ணப் பொடியைக் காகிதத்தில் ஒட்ட வைக்கிற பிசினை முந்தின ராத்திரியே ஊறப் போட்டுக் கொண்டு வரோணும்: வேலம்பிசின் 1 பங்கு, வெதுவெதுப்பான தண்ணி 2 பங்கு. காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பட்டைத் துணுக்கு நின்னுடும். செங்காவியை (சிவப்பு மண் வண்ணம்) தண்ணி விட்டு அம்மியில் விழுதா அரைச்சு, பிசினைச் சொட்டுச் சொட்டாச் சேருங்க. கூடிப்போனால் காய்ந்ததும் வெடிக்கும். குறைந்தால் தொட்ட விரலில் பொடி ஒட்டும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணியாட்டம் சிவந்துடும், அதனால ரெண்டுக்கும் கிண்ணமும் தூரிகையும் தனித்தனி. மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வரைஞ்சதை ஜன்னலோரம் மாட்டாதீங்க.

நீர்வண்ண அறையில் வெளிச்சம் 50 லக்ஸ்தான் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கிற அலகு), மங்கலாத்தான் இருக்கும். விளக்குப் பழுதில்லைங்க, படம் வெளுக்காம இருக்கத்தான். கண் பழக 5 நிமிஷம் நின்னு பாருங்க. ஃபிளாஷ் வேண்டாம். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். பேனா மை காகிதத்தில் பட்டால் போகாது. கரும்பு வாசலோட நிக்கட்டும், எறும்பு வந்துடும்.

எத்தனை பேர் வர்றீங்கன்னு வியாழக்கிழமைக்குள்ள இங்கேயே சொல்லிடுங்க.