பட்டியலில் இருந்து எங்களை எடுத்துவிடுங்கள்

ஐரோப்பிய ஆணையத்தின் உள்விவகாரப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே கேட்கும் ட்ரான்சிட் விசா கட்டாயமான 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டியல் உங்களுடையதுதான்.

அம்மா பிரித்தானிய விசாவில் வந்து லண்டனில் எங்களோடு நின்றார். போன மாதம் யாழ்ப்பாணத்தில் மாமா காலமானார். அம்மாவின் ஒரே தம்பி. அன்றிரவு கொழும்புக்கு நேரே போகும் விமானத்தில் இடமில்லை. பாரிஸில் மாறிப் போவதில் இரண்டு இடம் இருந்தது. டிக்கெட் போடப் போன முகவர், "அம்மாவிடம் எந்த பாஸ்போர்ட்?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ள நான் போகலாம். அம்மாவுக்கு ட்ரான்சிட் விசா வேண்டும்: 90 யூரோ, கைரேகை, முடிவுக்கு 15 நாள் வரை. செத்தவீடு 15 நாள் காத்திருக்குமா? மறுநாள் வளைகுடா வழியாகப் போனோம். அங்கே விமானம் மாற யாரும் விசா கேட்கவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிரேதத்தை எடுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த விசா கிடைத்தாலும் நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. ஒரு நாற்காலியில் இருந்து எழும்பி அடுத்த விமானம் ஏறுவதற்குத்தான் இவ்வளவும்.

கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா இருந்தால் விலக்கு உண்டு. பிரித்தானிய விசாவுக்கு இல்லை, பிரித்தானியா உங்கள் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டதே. விவாகரத்து உங்கள் இருவருக்கும், தண்டம் அம்மாவுக்கு!

1996இல் முதல் பட்டியல் போட்டபோது எங்கள் நாட்டில் போர். வழியில் இறங்கி அடைக்கலம் கேட்டவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு யூலையில் விசாச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் எங்களை மறக்காமல் சேர்த்துக்கொண்டீர்கள். அப்போது பயந்தீர்கள், சரி. இன்றைக்குமா? அதுவும் அம்மா ஊரை விட்டு ஓடி வரவில்லை, ஊருக்குத் திரும்பிப் போனார். தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடுகிறவர் பாரிஸில் ஒளிந்துகொள்வார் என்று நினைக்க நல்ல கற்பனை வேண்டும். உங்கள் ஆட்களோ இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு எங்கள் கடற்கரைகளில் வந்து வெயில் காய்கிறார்கள். நாங்கள் வரவேற்கத்தான் செய்கிறோம்.

பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்பது ஒன்றுதான்: இலங்கையை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அதற்குக் காலம் எடுக்கும் என்றால், அதுவரை பிரித்தானிய விசாவோடு சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர்களையாவது விட்டுவிடுங்கள். தயவுசெய்து பரிசீலித்துப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து ஒரு மகன்