478ஆவது தரம்

கொக்குவில்,
நல்லூர்க் கொடியேறி நாலாம் நாள்

அன்பு மச்சான் குகன்,

உன்ரை கடிதம் கிடைச்சது. நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் நோ கூடிப்போச்சு. எண்டாலும் விடிய எழும்பி நல்லூருக்குப் போகாமல் விடமாட்டா. வெயில் நெருப்பாய் எரிக்குது, கிணத்திலை தண்ணி அடிக்குப் போட்டுது.

நீ கடைசியாய் எழுதியிருந்ததை மூண்டு தரம் வாசிச்சன். பத்து வயசுப் பிள்ளையளோடை ஒரே பாயிலை இருந்து மிருதங்கத்திலை நாலாம் தரச் சோதினைக்குப் படிக்கச் சொல்லுகினம், 47 வயசிலை வெக்கமாக்கிடக்கு எண்டு எழுதியிருந்தாய். அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

ரிச்சர்ட் பிளாண்ட் எண்ட கோல்ஃப்காரரைப் பற்றி, உங்கட சவுதாம்ப்டன் ஆள் எண்டு, எனக்குப் பெருமையாய்ச் சொன்னது நீதான். யாழ்ப்பாணத்திலை எங்கை கோல்ஃப்? நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது றோட்டிலை நிண்டு அந்தப் பச்சைப் புல்லைப் பாத்ததோடை சரி. ஆனால் அந்தாளின்ரை கதை என்னை விடேல்லை. தேடித்தேடி வாசிச்சன்.

1996இலை தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். 2021 மே மாதம் இங்கிலாந்திலை பெல்ஃப்ரி மைதானத்திலை பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ் போட்டியை வெல்லேக்கை வயசு 48. யூரோப்பியன் டூர் எண்ட ஐரோப்பாவின்ரை மேல்மட்டச் சுற்றிலை அது அவருக்கு 478ஆவது போட்டி, முதல் வெற்றி. 477 தரம் வெல்லாமல் வீட்டை போன மனிசன். அந்தத் தொழிலிலை மாசச் சம்பளம் கிடையாது. போட்டி வியாழன் தொடங்கி ஞாயிறு மட்டும் நடக்கும். முதல் ரெண்டு நாளும் சரியாய் அடிக்காட்டி வெள்ளி பின்னேரமே 'கட்'டிலை வெளியாலை, பரிசுக்காசு ஒரு சதமும் இல்லை. பிளேன் ரிக்கற், ஹோட்டல், பை காவுற கேடியின்ரை கூலி எல்லாம் சொந்தப் பொக்கெற்றாலை. அடுத்த கிழமை வேறை நாடு, திரும்ப முதலிலை இருந்து.

வெற்றியை விட என்னை உலுப்பினது அதுக்கு முன்னம் நடந்தது, மச்சான். 2018 முடிவிலை அந்தாளின்ரை கார்ட், அதுதான் அந்த மேல்சுற்றிலை ஆடுற உரிமை, போச்சு. வயசு 45. பிறகு கீழ்ச்சுற்றான சேலஞ்ச் டூர்தான். அங்கை கனபேர் இருபதுகளிலை நிக்கிற பொடியள். 2001இலையே அந்தச் சுற்றின்ரை இறுதிப் போட்டியை வெண்டு மேலை ஏறின ஆள் இவர்! அதே வாசலிலை இத்தனை வருசம் கழிச்சுத் திரும்பப் போய் நிக்க என்ன மனம் வேணும்? நானெண்டால் மட்டையைத் தூக்கிப் பரணிலை போட்டிருப்பன். அந்தாள் 2019 முழுக்க அந்தப் பொடியளோடை ஆடித் திரும்ப மேலை வந்தார். பெல்ஃப்ரியிலை கடைசி நாள் ஆட்டத்தை 66 அடியிலை முடிச்சு, மிக்லியோட்ஸி எண்ட இத்தாலிப் பொடியனோடை சமனாகி, சமன் முறிக்கிற பிளேஓஃபின்ரை முதல் குழியிலையே வெண்டார். அந்தப் பொடியனுக்கு 24, இவற்றை வயசிலை சரி பாதி.

அடுத்த மாசம் அமெரிக்க ஓப்பனிலை ரெண்டாம் நாள் முடிய முன்னணியிலை ஒராளோடை சமனாய் நிண்டார். பிறகு சறுக்கிப்போனார், அது கிடக்கட்டும். கோல்ஃபிலை 50 வயசு தாண்டினால் மூத்தோர் போட்டிக்குக் கதவு திறக்கும். 2024இலை சீனியர் பிஜிஏயும் அமெரிக்க சீனியர் ஓப்பனும் அவருக்குத்தான்.

இப்ப உன்ரை கதைக்கு வாறன். 1995 ஐப்பசி 30. நீ மூண்டாம் தரம் பாஸ் பண்ணி நாலாம் தரத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தனி. அண்டிரவு யாழ்ப்பாணமே இடம்பெயரேக்கை நாவற்குழிப் பாலத்திலை அந்தச் சனத்துக்குள்ளை, மழைக்குள்ளை, என்ரை சேர்ட்டைப் பிடிச்சபடி வந்தனி. சாவகச்சேரி மட்டும் மிருதங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஆனால் பள்ளிக்கூட விறாந்தையிலை படுத்திருக்கேக்கை விரலாலை தொடையிலை தட்டிக்கொண்டே கிடந்தனி. உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, எனக்கு அந்தச் சத்தம் இப்பவும் கேக்குது. நாலாம் தரத்துக்கு நீ இருக்கவே இல்லை, குகன். விட்ட இடத்திலை போய் இருக்கிறதிலை என்னடா வெக்கம்?

இன்னொரு விசயம், பேசமாட்டாய் எண்டு நம்பிச் சொல்லுறன். போன மாசம் உங்கட பெரியம்மா வீட்டுக்கு ஓடு மாத்தேக்கை பரணிலை சாக்குச் சுத்தினபடி உன்ரை மிருதங்கம் கிடந்தது. பலாக்கட்டையிலை கறையான் தொடேல்லை. தோல் ரெண்டும் போட்டுது. உன்னைக் கேக்காமலே தோல் கட்டுறவரிட்டைக் குடுத்திட்டன். வலப்பக்க வலந்தலை, இடப்பக்கத் தொப்பி ரெண்டும் புதுசு, இழுத்துக் கட்டுற வாரும் மாத்தவேணுமாம். எந்தச் சுருதிக்குக் கட்டுறதெண்டு கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியேல்லை. உன்ரை பழைய சுருதிக்கோ, அங்கை வகுப்பிலை பாடுற பிள்ளையளின்ரை சுருதிக்கோ? வெள்ளிக்கு முன்னம் சொல்லு. அவர் தோல் வெட்டப்போறார்.

அன்புடன்,
சிவா