நாச்சியின் தலைமுடி விஷயமாக மீனாவுக்கு

காரைக்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மீனா,

இங்க எல்லாரும் சுகம். அவுகளுக்கு முட்டி வலி தேவலை, மாடி ஏறாதீகன்னா மட்டும் கேக்க மாட்டேங்கிறாக. கண்டனூர் வீட்டுப் பங்காளிகள் ஒருவழியா மனசு ஒத்து ஓடு மாத்தப் போறாக. உன் சின்னாத்தாவைப் படைப்புல பாத்தேன், இன்னும் அதே குரல், அதே அதிகாரம். பித்தளைச் சீப்பைப் பத்தி இந்தத் தடவையும் கேட்டாக. நான் வாயைத் திறக்கலை.

சேதி அவ்வளவுதான். எழுத உக்காந்தது உன் மகளுக்காக.

நாச்சி இன்னைக்குக் காலையில வந்தா. வந்ததும் வராததுமா, "பெரியாத்தா, முடியைத் தோளோட வெட்டிரப் போறேன், சாயந்தரம் பார்லர்ல சொல்லி வச்சிருக்கேன்"னா. வெட்டுறதோட விடலை அங்க, கெரட்டின் பண்ணிக்கிட்டா முடி கொட்டுறது நிக்கும்னு வேற சொல்லியிருக்காக. எனக்கு வந்த கோவம் கொஞ்சமில்லை. முடியை நேராக்கப் போடுற அந்த மருந்துல சிலது, சூடு காட்டினதும் ஃபார்மால்டிஹைடு விடும். கண்ணெரிச்சல், தொண்டை எரிச்சல் அப்பவே வரும். உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனுசருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள்கள் பட்டியல்ல அதை வச்சிருக்கு. காய்ச்சல்ல அடிபட்டு எந்திரிச்ச பிள்ளைகிட்ட இதைச் சொல்லலாமா? பார்லருக்கு போன் போட்டு, இன்னைக்கு வரலைன்னு சொல்ல வச்சுட்டேன்.

அப்புறம் வளவுல உக்கார வச்சு சீவச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல்லுல விழுந்த முடியை ஒண்ணொண்ணாப் பொறுக்கி வெள்ளைத் தாள்ல வச்சு, சன்னல் வெளிச்சத்துல பாத்தேன். பாதி முடி நல்ல நீளம், ஒரு முனையில ஊசிமுனை அளவுக்கு வெள்ளைக் குமிழ். மிச்சம் எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத துண்டு, ரெண்டு பக்கமும் மொட்டை. நாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே லென்ஸை எடுத்துட்டு வந்து உக்காந்துட்டா, உன் மகதானே!

மீனா, இது ரெண்டும் வேற வேற விஷயம். நீ போன்ல காரைக்குடித் தண்ணியை வையுறே, நாச்சி ஷாம்புவை வையுறா. குமிழோட விழுறது வேரோட கழண்டது. அவளுக்கு டெங்கு வந்துச்சுல்ல, கடுமையான காய்ச்சல் வந்தா நிறைய முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிரும், ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொத்தாக் கொட்டும். காய்ச்சல் வந்தது கோயமுத்தூர்ல, கொட்டுறது இங்க வந்தப்புறம். அதனாலதான் பழி நம்ம ஊர் மேல விழுந்திருக்கு. இந்தக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கும், புது முடி வரும். நெத்தியோரத்துல குட்டி முடி முளைச்சிருக்கிறதை நானே பாத்தேன். ஒரு நாளைக்கு 50லிருந்து 100 முடி வரைக்கும் எல்லாருக்கும் உதிரும், அதுக்கெல்லாம் நீ ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம்.

மொட்டைத் துண்டுதான் என் கவலை. அது ஒடிஞ்ச முடி. ஒடிக்கிறது யாருன்னு கண்டுபிடிக்க, இங்கேயே தலைக்குக் குளிக்கச் சொல்லி, கொல்லைப்புறத் தொட்டிகிட்ட நின்னு பாத்தேன். அங்கதான் பிடிபட்டுச்சு.

ஷாம்பு போட்டு அலசினா. கடைசிச் சொம்புத் தண்ணி இன்னும் முடியிலேர்ந்து ஒழுகுது, அதுக்குள்ள கண்டிஷனரை உள்ளங்கை நிறையப் பிழிஞ்சு உச்சந்தலையில அப்பினா. அது தண்ணியோட கலந்து பால் நிறத்துல முதுகுல வழிஞ்சு நேரா சாக்கடைக்குப் போயிருச்சு. நுனிக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரலை. உடனே அலசிட்டு, தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துப் பரபரன்னு தேச்சுத் துவட்டுறா. அப்புறம் முடியை முன்னால போட்டுத் துண்டால படார் படார்னு தட்டு. முத்தம் முழுக்கத் துண்டு முடி. அவ அறைத்தோழி இதுக்கு நேர்மாறாம், நல்லாக் காய வச்சுட்டுதான் கண்டிஷனரே போடுவாளாம். ரெண்டு பேருக்கும் இதுல சண்டையே நடந்திருக்கு. நீ கோச்சுக்காதே, ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு.

வேதியியல் எடுத்தவ சொல்றேன், கேளு. முடியோட மேல்தோல் நம்ம வீட்டு நாட்டு ஓடு மாதிரி, செதில் செதிலா ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு வேர்லேர்ந்து நுனியைப் பாத்துச் சரிஞ்சிருக்கும். முடி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் தண்ணியைக் குடிக்கும். குடிச்சா ஊதும், செதில் தூக்கிக்கும். ஈர முடி காஞ்ச முடியைவிட அதிகமா நீளும், ஆனா பலம் குறைவு. அந்த நேரத்துல சொரசொரப்பான துண்டால தேச்சா செதில் பேந்துரும். அது திரும்ப ஒட்டாது, ஏன்னா வெளியில இருக்கிற முடிக்கு உயிர் கிடையாது. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், நாச்சிக்கு இடுப்பு வரைக்கும் இருக்கு. அந்த நுனி அவ பள்ளிக்கூடத்துல படிக்கையில முளைச்சது, மீனா! சிறுவாணித் தண்ணியில வளர்ந்த முடி. அதை இங்க ஒரு துண்டு ஒடிச்சுப் போடுதுன்னா எனக்குப் பொறுக்குமா?

இனி கண்டிஷனர். ஈர முடியோட மேல்பக்கத்துல எதிர் மின்னேற்றம் இருக்கும், அடிபட்ட முடியில இன்னும் அதிகம். கண்டிஷனர் பாட்டிலோட பின்பக்கம் பாத்தா பெஹென்ட்ரைமோனியம் குளோரைடுன்னோ சீட்ரைமோனியம் குளோரைடுன்னோ போட்டிருக்கும். அதுக்கு நேர் மின்னேற்றம். முடியைத் தேடிப் போய் ஒட்டிக்கும், கூட இருக்கிற கொழுப்பு ஆல்கஹாலும் சிலிக்கோனும் வழவழன்னு ஒரு பூச்சு விடும். சிக்கு விழாது, சீப்பு இழுக்காது, ஒடியுறது குறையும். இங்க சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துல மின்வேதியியல் ஆராய்ச்சி பண்ற பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

தண்ணி சொட்டச் சொட்டப் போட்டா கண்டிஷனர் நீர்த்து வழிஞ்சுரும். முழுக்கக் காஞ்சப்புறம் போட்டா பரவாது, ஒரு பக்கம் அப்பிக்கும், ஒரு பக்கம் படவே படாது, பரப்புறேன்னு இழுத்து அதுலயும் ஒடிக்கும். அதனால நடுவுல நிறுத்தணும். அலசினதும் முடியை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, மேலேர்ந்து கீழ கையால அழுத்தி வழிச்சு விடணும், முறுக்கிப் பிழியக் கூடாது. அப்புறம் பழைய வேட்டித் துணியையோ ஈரிழைத் துண்டையோ சுத்திப் பொத்தினாப்புல அழுத்தி எடுக்கணும், அவ்வளவுதான். சொட்டு நிக்கணும், ஈரம் இருக்கணும். அப்பப் போட்டா பாதி அளவே போதும். காதுக்குக் கீழ மட்டும், நுனிக்குத்தான் முதல் உரிமை, உச்சந்தலைக்கு வேண்டவே வேண்டாம். ரெண்டு மூணு நிமிசம் விட்டு, அகலப்பல் சீப்பால நுனியிலேர்ந்து மேல மேல சிக்கெடுத்து அலசணும். அலசாம அப்படியே விடுற வகை ஒண்ணு விக்குது, அதைத் துண்டால ஒத்தின முடியில கடைசியாத்தான் போடணும். அறைத்தோழி வாங்கி வச்சிருக்கிறது அந்த வகையா இருக்கலாம், பாத்துச் சொல்லச் சொல்லியிருக்கேன்.

அப்பத்தா இதை எத்தனை அழகாச் செஞ்சாக தெரியுமா? வடிகஞ்சியில சீயக்காயைக் கரைச்சுத் தேச்சு, வெந்தயம் ஊறின கொழகொழப்பை நுனியில தடவி அலசி, கையால நீவி, நைஞ்ச வேட்டித் துணியைச் சுத்தி விட்டுருவாக. துணி தானா ஈரத்தை வாங்கிக்கும். அது அத்தனையும் சரி. ஆனா கடைசியில துண்டால தட்டுறது மட்டும் சரியில்லை, அப்பத்தாவே செஞ்சிருந்தாலும் சரியில்லைதான்.

தண்ணியையும் நான் முழுசா விடலை. நம்ம வீட்டுக்குக் குழாய்ல சம்பை ஊத்துத் தண்ணி, குறையில்லை. நாச்சி இருக்கிற விடுதியில போர்த் தண்ணி. வாளி விளிம்புல வெள்ளையாப் படிஞ்சிருக்குதாம். கால்சியமும் மக்னீசியமும் அதுல ஜாஸ்தி. அதுக்கும் நேர் மின்னேற்றம்தான், முடியில போய் உக்காந்து சொரசொரப்பாக்கும். சோப்புப் போட்டுட்டா இன்னும் மோசம், பிசுபிசுன்னு படலம் விழும். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு சொம்பு குடிதண்ணி எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன். மழை பெஞ்சா நம்ம முத்தத்துல அண்டா வச்சுத் துணி கட்டிப் பிடிச்சுத் தர்றேன், மழைத்தண்ணியில அந்த உப்பெல்லாம் கிடையாது. நீ அனுப்பின தேங்காயெண்ணெயைக் குளிக்கிறதுக்கு முன்னாடியே தடவச் சொன்னேன். 2003லயே ரேலே, மொஹிலேன்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பாத்துருக்காக, மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் தடுக்காத புரத இழப்பைத் தேங்காயெண்ணெய் குறைக்குது, அது முடிக்குள்ள இறங்குறதுதான் காரணம்.

பிளந்த நுனியை ஒரு அங்குலம் வெட்டட்டும், அது நல்லதுதான். தோளோட வெட்டணும்னு அவளுக்கே ஆசை இருந்தாலும் வெட்டட்டும், நீ குறுக்க நிக்காதே. பயந்துக்கிட்டு வெட்ட வேண்டாம்னுதான் நிறுத்தி வச்சேன்.

ஒண்ணு மட்டும் மனசை உறுத்துது. பிள்ளை வெளுத்துத் தெரியுறா. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு பேச்சுவாக்குல சொன்னா, உன்கிட்ட சொல்லலைன்னு நெனைக்கிறேன். இரும்புச்சத்து குறைஞ்சாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும், அதுக்குக் கண்டிஷனர் ஒண்ணும் பண்ணாது. செவ்வாய்க்கிழமை வெறும் வயித்துல ரத்தம் கொடுக்க நானே கூட்டிட்டுப் போறேன். ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டுற ஃபெரிட்டின், தைராய்டு மூணும் பாத்துருவோம். முடிவு வந்ததும் உனக்குத்தான் முதல் போன். அதுக்கு முன்னால அவகிட்டக் கேட்டுக் குடையாதே, பயந்துருவா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாரத்துல பாதி நாள் இங்க வரச் சொல்லிட்டேன்.

பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு வந்து சேரு. சாக்குச் சொல்லாதே.

அன்புடன்,
உமையாள்

பி.கு: கண்டாங்கிச் சேலை அரக்கு நிறத்துல கிடைச்சிருச்சு. நாச்சி ஊருக்கு வரும்போது கொடுத்து விடுறேன். பணம் அனுப்பினே, பேச்சு நின்னுரும்.