விருது கிடைத்தது, வேடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்கர் விருதுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 2002-இல் ஹாலி பெர்ரி சிறந்த நடிகையாகத் தேர்வானதோடு ஆப்பிரிக்க அமெரிக்க நடிகைகளின் குறை தீர்ந்துவிட்டது என்ற தொனியில் முடிந்திருந்தது. கதவு திறந்துவிட்டது என்று அன்று மேடையில் கண்ணீர் மல்கச் சொன்னவர் அவரேதான். ஆனால் அதற்குப் பின் அந்த விருதை இன்னொரு கறுப்பின நடிகை பெறவில்லை என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும்.

விருது ஒருவரின் நிலையை மாற்றிவிடாது என்பதற்கு ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின நடிகையான ஹாட்டி மெக்டேனியலை விட வேறு சான்று வேண்டியதில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று, கறுப்பினத்தவரை அனுமதிக்காத லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் ஒன்றில் நடந்த விழாவுக்கு, அவர் நடித்த படத்தின் தயாரிப்பாளர் தனியே சொல்லிவைத்ததால்தான் அவர் உள்ளே வர முடிந்தது. வந்தவரையும் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல், ஒதுக்குப்புறமாகப் போட்ட சிறு மேசையில் அமர்த்தினார்கள். அங்கிருந்து எழுந்து சென்றுதான், பணிப்பெண் வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருதை வாங்கினார். பிறகும் பெரும்பாலும் பணிப்பெண் வேடங்களே அவரைத் தேடி வந்தன. 1952-இல் இறந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலும் இடம் தர மறுத்துவிட்டார்கள். நடிப்புக்காக ஆஸ்கர் பெறும் அடுத்த கறுப்பினப் பெண்ணாக ஊப்பி கோல்ட்பர்க் மேடையேறியது 1991-இல்!

கதாநாயகி வேடம் கிட்டாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலைக் காட்டக் கூடாது என்று அந்நாளைய தணிக்கை விதியே தடுத்தது. கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹோர்னின் பாடல் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள்; அமெரிக்காவின் தென் மாநிலத் திரையரங்குகள் அவற்றை வெட்டினாலும் படம் குலையாதே!

அந்த விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சுருள்முடியைக் கையாளத் தெரிந்த சிகை அலங்காரக் கலைஞர் படப்பிடிப்பில் இல்லாததால் தாமே தலைவாரிக்கொண்டு வந்ததாகவும், தம் நிறத்துக்கேற்ற ஒப்பனைப் பொருளைக் கைப்பையில் சுமந்து சென்றதாகவும் கறுப்பின நடிகைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு உழைத்தும் சம்பளத்துக்காக ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போராட வேண்டியிருக்கிறது என்று 2023-இல் நடிகை தராஜி பி. ஹென்சன் பேட்டியிலேயே அழுதார். இல்லாத வேடங்களுக்கு விருது வாங்க முடியாது என்று 2015-இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது மேடையில் நடிகை வயோலா டேவிஸ் சொன்னதும் இதையொட்டியதே.

ஆகவே, அடுத்த விருதுப் பருவத்தில் வென்றவர்களின் பட்டியலோடு நிறுத்திவிடாமல், வென்ற நடிகைக்கு அடுத்து என்ன வேடம் தரப்பட்டது என்பதையும் தங்கள் நாளிதழ் விசாரித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்