எழுதிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊர்த் தொழிலுக்கும் ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் பல்கலைக்கழகங்கள் எப்படிக் கைகொடுக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன எதனோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது கல்லூரி வாசலில் நின்று எழுதியது. நான் குடவாசல் பக்கத்தில் சின்னதாக ஓர் அவல் மில் நடத்துகிறேன். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

மாணவர்கள் வராமல் இல்லை, நன்றாகவே வருகிறார்கள். முன்பு அச்சடித்த கேள்வித்தாள், இப்போது செல்போனிலேயே தட்டிக்கொள்கிறார்கள். மாத வருமானம் என்ன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கடன் உண்டா, தொழிலில் என்ன சிரமம்? கடைசிக் கேள்விக்குக் கீழே நாலு கட்டம் இருக்கும்: மூலதனம், ஆள் பற்றாக்குறை, விற்பனை, இதர. என் சிரமம் எப்போதும் 'இதர'வில்தான் போய் விழும். டீ கொடுப்போம், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஆளுக்கு அரைக் கிலோ அவல் வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து வருஷத்தில் ஏழெட்டு முறை இது நடந்திருக்கிறது. அந்தத் தாளெல்லாம் என்ன ஆயிற்று, அதிலிருந்து என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொன்னவர் அநேகமாக இல்லை. எந்தெந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. பிள்ளைகள் மேல் கோபமும் இல்லை. மார்க் போட்டதோடு அவர்களுக்கு அது முடிந்துவிடுகிறது.

வருகிற நேரத்தையும் சொல்லியாக வேண்டும். ப்ராஜெக்ட் என்று வருவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். இங்கே தை, மாசியில் சம்பா அறுப்பு. களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரிடமும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நிற்குமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடமும் போய், 'இந்தச் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்' என்று கேட்டால் என்ன பதில் வரும்? மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள் என்றால் சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாரி முடித்திருக்க வேண்டும். ஊர் கூடிப் பேசுவதும் அப்போதுதான். அப்போது பார்த்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அது முடிந்தால் லீவு.

திரும்பி வந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வருஷம் இருக்கும். வலங்கைமான் பக்கத்துப் பெண், வெளி மாவட்டத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே கேள்வித்தாளோடுதான் வந்தாள். 'இதர' என்றதும், "என்னம்மா அது?" என்று கேட்டாள். மாப்பிள்ளைச் சம்பா அவல் என்று சொன்னேன். வெள்ளை அவல் போல இல்லை, தவிடு ஒட்டியே இருக்கும். சத்தும் அதில்தான், எண்ணெயும் அதில்தான். ஒரு மாதம் தாண்டினால் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். சென்னைக் கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார், லாரி வாடகையும் நம் தலையில்.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை அங்கேயே நின்றாள். ஊறின நெல்லை மணலில் வறுப்பது, சூடு இறங்குவதற்குள் மெஷினில் கொடுத்துத் தட்டுவது, சலிப்பது, பையில் போட்டு ஒட்டுவது, எல்லாவற்றையும் பார்த்தாள். "ஏம்மா, சூட்டோடயே பையை ஒட்டிடுறீங்க?" என்றாள். என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான் என்றேன். மாமனார் காலத்தில் கட்டியது சாக்கில், ஆவி தானாக வெளியே போய்விடும். இப்போது பிளாஸ்டிக். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒட்டின பை ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உள்பக்கமெல்லாம் பொடிப் பொடியாக வியர்த்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தெர்மாமீட்டரோடு வந்தாள். ஒவ்வொரு ஈட்டையும் (ஒரு தடவை வறுத்து எடுப்பது ஓர் ஈடு) ஒவ்வொரு சூட்டில் எடுக்கிறோம், சரியாகச் சூடு ஏறாத ஈட்டில்தான் தவிட்டு எண்ணெயைக் கெடுக்கிற நொதி சாகாமல் தங்கிவிடுகிறது என்று சொன்னாள். ஆறப்போட ரெண்டு மூங்கில் தட்டு, கொஞ்சம் தடித்த பை, ஒரு தெர்மாமீட்டர். செலவு மூவாயிரம்கூட ஆகவில்லை. இப்போது அவல் மூன்று மாதம் தாங்குகிறது. மொத்தம் நாலு முறை வந்தாள். கடைசி முறை, தன் அறிக்கையில் எங்களுக்கு வேண்டிய ரெண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். மில் சுவரில் ஒட்டியிருக்கிறேன், தவிடு படிந்து மங்கிப் போனாலும் படிக்கலாம். உனக்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்று கேட்டேன். "சாம்பிள் பத்தாதுன்னு குறைச்சுட்டாங்கம்மா" என்றாள்.

ஊர்ச் சிரமத்திலிருந்து ஆராய்ச்சி தொடங்குவதில் புதுமை ஒன்றும் இல்லை. தஞ்சாவூரில் இன்று நிப்டெம் என்ற பெயரில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், 1960-களின் கடைசியில் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியதுதான். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, ஈர நெல்லை என்ன செய்வது என்று டெல்டா திணறியது. அந்தத் திணறலிலிருந்து பிறந்த இடம் அது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-லிருந்து நடக்கிறது. அங்கே உருவான நெல் ரகங்களின் பெயரில் வரும் ஏ.டி.டி. என்று சொன்னால் எங்கள் ஊரில் படிக்காத கிழவருக்கும் தெரியும். அது ஆடுதுறையின் சுருக்கம் என்பதும் தெரியும்.

இப்போதைய தொழில்முனைவோர் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். ஒரு கல்லூரியில் மேடையில் இருந்தவர் என்னிடம், "உங்கள் யு.எஸ்.பி. என்ன?" என்று கேட்டார். "பென் டிரைவ் கொண்டு வரலைங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. எல்லோரையும் விட நம் சரக்கில் என்ன விசேஷம் என்று கேட்கிறார் என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் உலைப் புகை தாங்கவில்லை, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். செல்போன் செயலி ஒன்று தொடங்குங்கள், உலகம் பூராவும் விற்கலாம் என்றார்கள். அந்தக் கல்லூரியிலேயே மெக்கானிக்கல் துறை இருக்கிறது. அவர் பட்டறைக்குப் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

வணிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று 2020-இல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று வந்தது. அதற்குத் திட்ட அறிக்கை எழுதத் தெரியாமலே எங்கள் தெருவில் மூன்று பேர் விட்டுவிட்டார்கள். மூன்றாம் வருஷ பி.காம். பிள்ளைக்கு அது ஒரு வாரத்து வேலை.

அப்புறம் பொதுக்காரியம். உன்னத் பாரத் திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியும் ஐந்து கிராமத்தைத் தத்தெடுக்கிறது. சரி, தத்தெடுத்த பிள்ளையை வருஷத்துக்கு ஒரு தரமாவது வந்து பார்க்க வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், தனியாக ஏழு நாள் முகாம். எங்கள் ஊர் முகாமில் கன்று நட்ட போட்டோ இருக்கிறது. கன்றை ஆடு தின்றுவிட்டது. அந்த மணி நேரத்தில் பத்தை வாய்க்காலுக்குக் கொடுக்கட்டும். எந்த மதகு அடைத்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறது, வடிகால் எங்கே மேடேறிக் கிடக்கிறது என்று மார்ச் 22 கிராம சபையன்று தொடங்கிக் குறித்துக்கொண்டு, மே 1 கிராம சபையில் படத்தை மாட்டிச் சொன்னால் அன்றைக்கே தீர்மானம் எழுதலாம். தண்ணீர் வர இன்னும் நாற்பது நாள் இருக்கும்.

எந்தக் கல்லூரியானாலும் சரி, லெவல் பார்க்கும் கருவியோடு நாலு சிவில் மாணவர்களை அனுப்பினால் எங்கள் ஊர் மேற்கு வடிகாலிலிருந்து தொடங்கலாம். மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு.

இப்படிக்கு,
அவல் மில் நடத்தும் ஒரு வாசகி,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.